மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கமும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐயும்

நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ மூளைக்குப் பரவிய கட்டி ஒன்று சுண்டைக்காய் அளவே இருக்கும்போதும், அதைச் சுற்றி எழும் வீக்கம் முன்மடலின் பாதியை நிரப்பிவிடுவதுண்டு. படத்தைப் பார்க்கும் குடும்பத்தார் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கட்டி இவ்வளவு சின்னதுதானே டாக்டர், சுற்றிலும் ஏன் இத்தனை பெரிதாக வெள்ளையாகத் தெரிகிறது?" என்பதுதான். மிகச் சரியான கேள்வி அது. நோயாளிக்குக் காலையில் எழுந்ததும் வரும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் பெரும்பங்கு அந்த வெள்ளைப் பகுதியால் வருவது. மண்டையோடு விரிந்து இடம் கொடுக்காது என்பதால், உள்ளே கசியும் ஒவ்வொரு மில்லி நீரும் மூளையை அழுத்தியும் தள்ளியும்தான் தனக்கு இடம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கதிரியல் மருத்துவர்களாகிய நாங்கள் இந்தப் பகுதியைப் பற்றி அறிக்கையில் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுகிறோம்: "கட்டியைச் சுற்றி எடிமா (வீக்கம்) உள்ளது." கட்டியின் அளவை மூன்று திசைகளிலும் அளந்து, நாளத்தில் செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்து கட்டியில் எப்படி ஏறியிருக்கிறது என்று விவரித்து, உள்ளே இரத்தக்கசிவு உண்டா என்று பார்த்தெழுதும் அதே கை, வீக்கத்துக்கு வரும்போது ஒரு வரியில் நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் நாளங்களிலிருந்து கசிந்த நீர், நீரோடு கலந்து நிற்கும் புற்றுச் செல்கள், சிதைந்த நரம்பிழைகள் என மூன்று வெவ்வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கக்கூடும். ஏறக்குறைய எல்லா மூளை எம்ஆர்ஐயிலும் ஏற்கெனவே எடுக்கப்படுகிற, நீரின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் படம் இவற்றை ஓரளவு பிரித்துக் காட்டும். அந்த "ஓரளவு" எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் வீக்கத்தின் தன்மையைப் பார்ப்போம். மூளை வீக்கத்தை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1967இல் இகோர் கிளாட்ஸோ முன்வைத்தார். பக்கவாதத்தின் முதல் சில மணி நேரங்களில், ஆற்றல் கிடைக்காமல் செல்களின் அயனிப் பம்புகள் நின்றுபோக, வெளியிலிருந்த நீர் செல்லுக்குள் புகுந்து செல் உப்பும். இது சைட்டோடாக்சிக் வகை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பழுதடைந்து, நாளங்களிலிருந்து புரதம் கலந்த நீர் செல்களுக்கு வெளியேயுள்ள இடைவெளியில் கசிந்து பரவுவது வாசோஜெனிக் வகை. கட்டியைச் சுற்றி நாம் காண்பது பெரும்பாலும் இரண்டாவது வகையே. கட்டிச் செல்கள் சுரக்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் நுண்நாளச் சுவர்களின் இறுக்கமான இணைப்புகளைத் தளர்த்திவிடுகிறது. புதிய நாளங்களை வளர்க்கும் காரணியாக இன்று அறியப்படும் இந்தப் புரதம், 1983இல் முதன்முதலில் இனங்காணப்பட்டதே நாளங்களைக் கசியச் செய்யும் காரணியாகத்தான்.

கசிந்த நீர் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவுவதில்லை. மூளையின் சாம்பல்நிறப் புறணி நெருக்கமாகப் பின்னப்பட்டது. நீருக்கு அங்கே எளிதில் வழி கிடைக்காது. வெண்பொருளில் நரம்பிழைகள் இணையிணையாக ஓடுவதால் அவற்றுக்கு இடையில் நீர் எளிதாக நுழைந்து செல்கிறது. அதனால்தான் நீர் மிகுந்த திசுவை வெண்மையாகக் காட்டும் ஃபிளேர் என்ற எம்ஆர்ஐ படத்தில் இந்த வீக்கம் விரல்களை நீட்டியது போன்ற வடிவில், புறணியை விட்டுவைத்து, வெண்பொருளுக்குள் மட்டும் தெரிகிறது. இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் வெண்பொருள்தான் என்றாலும், அதன் இழைகள் மிக இறுக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் வெறும் நீர் அதைக் கடந்து மறுபக்கம் போவது அரிது. கார்ப்பஸ் கலோசத்தைத் தாண்டி வெண்மை பரவியிருந்தால், நீரோடு செல்களும் போயிருக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். எந்தக் கணக்கும் இல்லாமல் கண்ணால் மட்டுமே பிடிக்கக்கூடிய இந்தக் குறிப்பை மாணவர்களுக்கு நான் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன்.

ஃபிளேரும் டி2 என்ற இன்னொரு வகை எம்ஆர்ஐ படமும் நீர் எங்கே அதிகமாக இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. டிஃப்யூஷன் படம் அந்த நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதைக் காட்டுகிறது. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் தற்போக்காக அலைந்துகொண்டிருக்கின்றன. இந்த அலைவுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் தந்த கணிதமே இன்றும் அடிப்படை. 1965இல் ஸ்டெஜ்ஸ்கல், டானர் இருவரும் வகுத்த முறையின்படி, காந்தப்புலச் சரிவுத் துடிப்பு ஒன்று மூலக்கூறுகளுக்கு அவை நிற்கும் இடத்துக்கேற்ப ஓர் அடையாளத்தை இடுகிறது. சிறிது நேரம் கழித்து வரும் இரண்டாவது துடிப்பு அந்த அடையாளத்தை அழிக்கிறது. இடம் பெயராத மூலக்கூறின் அடையாளம் முழுமையாக அழிந்து சிக்னல் திரும்பக் கிடைக்கும். பெயர்ந்துவிட்ட மூலக்கூறுகளின் சிக்னல் ஒன்றோடொன்று முரண்பட்டுக் குன்றிவிடும். எவ்வளவு குன்றியது என்று அளந்தால் எவ்வளவு நகர்ந்தன என்பது தெரியும். இதை உயிருள்ள மனித மூளையின் படமாக்கிக் காட்டிய டெனி லெ பிஹானின் கட்டுரை 1986இல் வெளிவந்தது. பூனைகளில் செய்த சோதனையில், பக்கவாதம் டி2 படத்தில் தெரிவதற்கு முன்பே டிஃப்யூஷன் படத்தில் தெரிகிறது என்று மைக்கேல் மோஸ்லியின் குழு 1990இல் காட்டிய பிறகு, இந்த முறை மருத்துவமனைகளில் வேரூன்றியது.

உடல் வெப்பநிலையில் தடையற்ற நீரின் விரவல் (டிஃப்யூஷன்) அளவு மில்லி வினாடிக்கு ஏறத்தாழ 3 சதுர மைக்ரான். நலமான வெண்பொருளில் செல் சவ்வுகளும் மயலின் உறைகளும் வழிமறிப்பதால் இது 0.7 அல்லது 0.8 ஆகச் சுருங்கிவிடுகிறது. இப்படித் திசுவில் அளக்கப்படும் மதிப்பைத்தான் ஏடிசி என்கிறோம். துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் 50 மில்லி வினாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் தடையற்ற நீர் ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரான் தூரமும், வெண்பொருளில் உள்ள நீர் 8 முதல் 9 மைக்ரான் அளவும் நகர்கின்றன. செல்களின் அளவும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இந்தப் பொருத்தம்தான் இந்த முறையின் உயிர்நாடி. 2 மில்லிமீட்டர் அகல வோக்சலை (படத்தின் மிகச் சிறிய கனக்கூறு) வைத்துக்கொண்டு மைக்ரான் அளவிலான அமைப்பைப் பற்றி நம்மால் பேச முடிவது இதனால்தான்.

வாசோஜெனிக் வீக்கத்தில் செல்களுக்கு இடையிலுள்ள வெளி விரிவடைவதால் நீர் தாராளமாக நகர்ந்து, ஏடிசி 1.2, 1.5 என்று உயர்கிறது. கசிவு மிகுந்த இடங்களில் அதற்கும் மேலே போகும். சைட்டோடாக்சிக் வீக்கத்தில் செல்கள் உப்பி இடைவெளி குறுகுவதால் ஏடிசி இயல்பைவிடக் கீழே இறங்கும். படம் நீரின் நகர்வுக்கு எவ்வளவு உணர்வுள்ளது என்பதைக் குறிக்கும் எண் பி; வழக்கமாக எடுக்கப்படும் பி 1000 படத்தில், ஏடிசி 0.75 உள்ள திசுவின் சிக்னலில் 47 சதவீதமும், 1.5 உள்ள திசுவின் சிக்னலில் 22 சதவீதமும், மூளைத் தண்டுவட நீரின் சிக்னலில் 5 சதவீதமும் எஞ்சும். ஆனால் வீங்கிய பகுதியின் டி2 சிக்னல் தொடக்கத்திலேயே மிக அதிகம். அதில் 22 சதவீதம் எஞ்சினாலும் படத்தில் அது நலமான மூளைக்குச் சமமாகவோ சற்று வெளிறியோ தெரியக்கூடும். ஆகவே டிஃப்யூஷன் படத்தை மட்டும் பார்த்து "வெள்ளையாக இருக்கிறது, நகர்வு தடைபட்டிருக்கிறது" என்று சொல்லவே கூடாது. ஏடிசி வரைபடத்தை அருகில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இது அடிப்படைப் பாடம் என்றாலும், அவசரமான இரவுப் பணிகளில் முதலில் தவறவிடப்படுவதும் இந்தப் பாடம்தான்.

இதுவரை சொன்னது நீரைப் பற்றி. மூளையின் துணைச் செல்களிலிருந்தே எழும் கட்டியான கிளியோமா என்று வரும்போது கதை வேறாகிவிடுகிறது. 1928இல் வால்டர் டான்டி, வலப்பக்கப் பெருமூளை அரைக்கோளம் முழுவதையுமே கிளியோமா நோயாளிகளிடமிருந்து அகற்றிய அறுவை சிகிச்சைகளை வெளியிட்டார். அத்தனை தூரம் வெட்டியெடுத்தும் நோயைக் குணப்படுத்த முடியாததால் அந்த முறை கைவிடப்பட்டது. கண்ணுக்குத் தெரிகிற கட்டிக்கு வெகு அப்பாலும் செல்கள் பரவியிருக்கின்றன என்பதற்கு இதைவிட வலிய சான்று தேவையில்லை. 1987இல் பாட்ரிக் கெல்லியின் குழு, கட்டியின் நடுவிலிருந்து வெளிநோக்கி அடுத்தடுத்த இடங்களில் பயாப்ஸி எடுத்து ஸ்கேனோடு ஒப்பிட்டபோது, கான்ட்ராஸ்ட் ஏறும் விளிம்பைத் தாண்டி, டி2 வெண்மை எட்டும் எல்லைவரையேனும் தனித்தனிக் கட்டிச் செல்கள் கிடைத்தன. அப்படியானால் மிகக் கடுமையான கிளியோமாவான கிளியோபிளாஸ்டோமாவைச் சுற்றியுள்ள "எடிமா" வெறும் நீராக இருக்க வாய்ப்பில்லை. அது கட்டியின் ஒரு பகுதியே. பரவிவந்த கட்டியைச் சுற்றியுள்ள வீக்கமோ பெரும்பாலும் நீர் மட்டும்தான். ஃபிளேர் படத்தில் இரண்டும் ஒரே வெண்மை.

இங்கேதான் டிஃப்யூஷன் உதவிக்கு வருகிறது. வெறும் நீர் கோத்த திசுவில் ஏடிசி நன்றாக உயரும். நீரோடு செல்களும் கலந்திருந்தால், அந்தச் செல்கள் நீரின் வழியை மறிப்பதால் உயர்வு மட்டுப்படும். 2003இல் வெளிவந்த, நீர் நகரும் திசையையும் அளக்கும் டிஃப்யூஷன் டென்சர் முறையிலான ஓர் ஆய்வு, கான்ட்ராஸ்ட் ஏறும் விளிம்புக்கு வெளியேயுள்ள பகுதியின் சராசரி விரவல் உயர்நிலைக் கிளியோமாவைவிடப் பரவிய கட்டிகளில் அதிகமாக இருப்பதைக் காட்டியது. ஒரே ஒரு கட்டி, வேறெங்கும் புற்றுநோய் இருப்பதாக வரலாறு இல்லை, விளிம்பு வளையமாகக் கான்ட்ராஸ்ட் ஏற்கிறது என்ற நிலையில், கட்டிக்குள் பார்ப்பதைவிடக் கட்டியைச் சுற்றிப் பார்ப்பதே அதிகம் சொல்லும். நம் நாட்டில் இதே தோற்றத்தில் காசநோய்க் கட்டியும் சீழ்க்கட்டியும் வருகின்றன என்பதால் வட்டம் இன்னும் பெரிது; சீழ்க்கட்டியின் நடுவிலுள்ள கெட்டியான சீழில் ஏடிசி மிகத் தாழ்ந்திருப்பது அங்கே கைகொடுக்கும்.

எண்ணை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வீங்கிய பகுதி முழுவதையும் வளைத்துச் சராசரி எடுத்தால், செல்கள் நிறைந்த ஒரு சிறு மூலை சுற்றியுள்ள நீரில் கரைந்து காணாமல் போய்விடும். கட்டியின் விளிம்பையொட்டிய ஒரு சென்டிமீட்டருக்குள் சிறு வட்டங்களை வைத்து, அவற்றில் மிகத் தாழ்ந்த ஏடிசி எங்கே என்று தேடுவது நல்ல வழக்கம். வட்டத்துக்குள் கட்டியின் கான்ட்ராஸ்ட் ஏற்ற விளிம்போ, புறணியோ, வென்ட்ரிக்கிள் என்ற மூளை உள்ளறையின் நீரோ, பழைய இரத்தக்கசிவோ சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபக்கத்து நலமான வெண்பொருளில் அதே அளவு வட்டத்தை வைத்து விகிதமாகவும் குறிப்பிட்டால், ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிடுவது ஓரளவு சாத்தியமாகும்.

இத்தனைக்குப் பிறகும் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படியவே செய்கின்றன. மிகுதியாக நீர் கசியும் கிளியோபிளாஸ்டோமா உண்டு. அதன் சுற்றுப்புற ஏடிசி பரவிய கட்டியினுடையதைப் போலவே இருக்கும். செல்கள் அடர்த்தி குறைவாகப் பரவிய இடத்தில் அவற்றின் தாக்கம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். "1.3க்கு மேல் என்றால் மெட்டாஸ்டேசிஸ் (பரவிய கட்டி)" என்பதுபோல் ஒரே எல்லைக் கோட்டை எல்லாக் கருவிகளுக்கும் எல்லா நோயாளிகளுக்கும் போட முடியாது, அப்படிப் போட்டு எழுதப்படும் அறிக்கைகளைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படத்தில் அந்தப் பகுதியின் இரத்த அளவு கூடியிருக்கிறதா, திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் கோலின் உயர்ந்திருக்கிறதா என்பவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் ஏடிசி எண்ணுக்கு எடை கூடுகிறது.

அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு மிகவும் தேவைப்படுவது வேறொரு தகவல்: கையையும் காலையும் இயக்கும் இழைக்கற்றை, பேச்சுக்கான இழைக்கற்றை ஆகியவை இந்த வீக்கத்துக்குள் உயிரோடு இருக்கின்றனவா? 1994இல் பாஸரும் மட்டியெல்லோவும் லெ பிஹானும் அறிமுகப்படுத்திய டென்சர் முறை, நீர் எந்தத் திசையில் அதிகம் நகர்கிறது என்பதையும் சொல்லும். நரம்பிழையின் நீளவாட்டில் நீர் எளிதாகவும் குறுக்கே கடினமாகவும் நகர்வதால், திசைச் சார்பை 0 முதல் 1 வரையிலான எஃப்ஏ என்ற எண்ணால் குறிக்கிறோம். கட்டியருகே இழைகள் தள்ளப்பட்டிருக்கலாம், நீரில் மூழ்கியிருக்கலாம், செல்களால் ஊடுருவப்பட்டிருக்கலாம், அழிந்தே போயிருக்கலாம். தள்ளப்பட்ட இழையில் எஃப்ஏ பெரிதாக மாறுவதில்லை, திசைதான் மாறும். மற்ற மூன்றிலும் எஃப்ஏ குறைகிறது. இழைக்கற்றையை வரையும் மென்பொருள், எஃப்ஏ 0.2 போன்ற ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் வரைவதை நிறுத்திவிடும். திரையில் கற்றை அறுந்ததுபோல் தெரியும் இடத்தில், உண்மையில் இழைகள் நீருக்குள் நலமாக ஓடிக்கொண்டிருக்கலாம். "இங்கே இழை இல்லை" என்று நம்பி அந்த வழியே உள்ளே நுழைந்தால் நோயாளி கை கால் செயலிழந்து எழக்கூடும். வண்ணமயமான அந்தப் படங்களைப் பார்த்து மகிழும் ஒவ்வொருவரும், வீக்கத்துக்குள் கோடு இல்லாததை இழை இல்லாததற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

இதற்கு ஒரு தீர்வாக 2009இல் ஓஃபர் பஸ்டர்நாக் முதலானோர் முன்வைத்த முறை, ஒவ்வொரு வோக்சலிலும் தடையற்ற நீரின் பங்கையும் திசுவின் பங்கையும் தனித்தனியாகக் கணித்து, நீரைக் கழித்துவிட்டுத் திசுவுக்கு மட்டும் எஃப்ஏ தருகிறது. நீரைக் கழித்ததும் மறைந்திருந்த கற்றை மீண்டும் தெரிவதைப் பார்க்கும்போது, இந்தத் துறைக்கு வந்ததன் மகிழ்ச்சி எனக்குப் புதிதாகக் கிடைக்கிறது. பி 1000 என்ற ஒரே அளவில் எடுத்த தரவைக்கொண்டும் இதைக் கணிக்க முயல்கிறார்கள். ஆனால் ஒரே அளவிலிருந்து இரண்டு பங்குகளைப் பிரிப்பதற்குப் பல முன்அனுமானங்கள் தேவைப்படுகின்றன. பி 1000, பி 2000 என இரண்டு அளவுகளிலாவது, போதுமான திசைகளில் எடுத்தால்தான் கணக்கு உறுதியான தரையில் நிற்கும். அதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட்டு எடுக்கப்படும் ஸ்கேனில் அந்த நிமிடங்களைச் செலவிடத் தயங்கக் கூடாது என்பதே என் கருத்து.

சிகிச்சை வீக்கத்தை எப்படி மாற்றுகிறது என்பதையும் இந்த எண்கள் பின்தொடரும். மூளைக்கட்டி வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தருவது, 1961இல் கலிசிச்சும் ஃப்ரெஞ்சும் வெளியிட்ட அனுபவங்களிலிருந்து பரவிய வழக்கம். மருந்து தொடங்கி ஓரிரு நாட்களில் நோயாளி தெளிந்து பேசத் தொடங்குவார். ஃபிளேர் வெண்மையோ ஏறக்குறைய அதே பரப்பில் நிற்கும். எடின்பரோவில் செய்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாட்களுக்குள் வீங்கிய பகுதியின் சராசரி விரவல் இறங்கியிருந்தது. பரப்பு சுருங்கும் முன்பே நீரின் அடர்த்தி குறையத் தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். ஸ்டீராய்டு தொடங்கியபின் எடுத்த ஸ்கேனில் சுற்றுப்புற ஏடிசி தாழ்ந்திருப்பதைச் செல் ஊடுருவல் என்று படித்துவிடும் ஆபத்தும் இதிலிருந்தே வருகிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டியின் திடப்பகுதியிலேயே ஏடிசி மிகத் தாழ்ந்து, கான்ட்ராஸ்ட் சீராக ஏறி, வென்ட்ரிக்கிளையொட்டி அமைந்திருந்தால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் புற்றாக இருக்கலாம். ஸ்டீராய்டு அந்தக் கட்டியை விரைவில் கரைத்து, பயாப்ஸியில் எதுவும் கிடைக்காமல் செய்துவிடக்கூடும். நோயாளியின் நிலை அனுமதித்தால் பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்கலாமா என்று, அறிக்கைக்குக் காத்திராமல், உடனே தொலைபேசியில் பேசிவிட வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் படங்களில் வீக்கத்தின் வகை மறுபடியும் மாறுகிறது. கட்டியை எடுத்த குழியின் ஓரத்தில் சிறு நாளங்கள் அடைபட்டு, ஏடிசி தாழ்ந்த மெல்லிய பட்டை தோன்றுவதுண்டு. இது சைட்டோடாக்சிக் வீக்கம், சிறிய அளவிலான திசு இறப்பு. சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் கான்ட்ராஸ்ட் ஏறும். முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்த டிஃப்யூஷன் படம் கையில் இல்லையென்றால், அதைக் கட்டி திரும்பியதாகப் படித்து நோயாளியை வீணாகக் கலங்க வைப்போம். விஇஜிஎஃப் புரதத்தையே தடுக்கும் பெவாசிசுமாப் தரப்படும்போது நிலைமை நேர் எதிர்: கசிவு நின்று, கான்ட்ராஸ்ட் ஏற்றமும் வெண்மையும் சில நாட்களிலேயே சுருங்கிவிடுவதால், கட்டி வளர்ந்துகொண்டிருந்தும் படம் தேறியதுபோல் தோன்றலாம். அப்போது புதிதாக ஏடிசி தாழ்ந்து விரியும் பகுதி கட்டியின் வளர்ச்சியைக் காட்டிக்கொடுக்கக்கூடும். எனினும் அந்த மருந்தின் கீழ் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் தாழ்ந்த ஏடிசிப் பகுதிகளில் சில, பரிசோதித்துப் பார்த்தால் இறந்த திசுவாகவே இருக்கின்றன. ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், அடுத்த ஸ்கேனில் அந்தப் பகுதி வளர்கிறதா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கோரிக்கைப் படிவத்தில் "மூளைக்கட்டி, ஸ்கேன் தேவை" என்பதோடு நிறுத்தாமல், டெக்ஸாமெத்தசோன் தொடங்கிய தேதி, ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், பெவாசிசுமாப் தரப்படுகிறதா, கதிர்வீச்சு எப்போது முடிந்தது என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள். முந்தைய ஸ்கேனின் பிரதியை ஃபிலிமாகத் தராமல் சிடியாகவோ கோப்பாகவோ தருமாறு குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். ஃபிலிமில் ஏடிசி எண்ணை அளக்க வழியில்லை.